ஆறு வயது ஸ்ப்ளெண்டர் பிளஸ்: எவ்வளவு கொடுக்கலாம்?

பழைய இருசக்கர வாகனச் சந்தையில் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் அளவுக்கு விலை இறங்க மறுக்கும் வண்டி தமிழ்நாட்டில் வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். ஆறேழு ஆண்டுகள் ஓடிய வண்டிக்கு, அது புதிதாக வாங்கப்பட்டபோது கொடுத்த தொகையை ஒட்டிய விலையைக் கூசாமல் கேட்கிறார்கள். அதைக் கொடுத்து வாங்கிச் செல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். என் மைத்துனருக்காக 2019 ஆம் ஆண்டுத் தயாரிப்பு ஒன்றைத் தேடி வாங்கிய அனுபவத்தை வைத்து, பழைய வண்டியாக ஸ்ப்ளெண்டர் பிளஸ் எப்படிப்பட்டது, அதற்கு எந்த விலை நியாயம் என்ற இரண்டையும் இங்கே எழுதுகிறேன். முதல் கேள்விக்கான விடை எளிது; இரண்டாவதில்தான் பலரும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹீரோ ஹோண்டா காலத்தில் 1994 இல் அறிமுகமாகி, அந்தக் கூட்டு முடிந்து 2011 இல் நிறுவனம் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறிய பிறகும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வண்டி இது. 97.2 சிசி இன்ஜின், ஏறத்தாழ எட்டு குதிரைத்திறன், நான்கு கியர், 112 கிலோவை ஒட்டிய எடை, இரண்டு பக்கமும் டிரம் பிரேக் என்ற அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் வரை தாராளமாகக் கொடுக்கிறது. நீளமான தட்டை சீட்டில் இருவர் உட்கார்ந்து, நடுவில் ஒரு பையையும் வைத்துக்கொள்ளலாம். எந்தச் சிற்றூரிலும் இதன் உதிரிபாகம் கிடைக்கும், இதைப் பிரித்துப் பழகாத மெக்கானிக்கும் இல்லை. 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதிர்வு கைப்பிடிக்கு வந்துவிடும் என்பதும், இரவில் முன்விளக்கு நெடுஞ்சாலைக்குப் போதாது என்பதும், பாரம் ஏற்றிய நிலையில் டிரம் பிரேக்கை நம்பி முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகக் கூடாது என்பதும் இதன் குறைகள். உள்ளூரில் நாள்தோறும் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இவை பொருட்டல்ல; மாதந்தோறும் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஓட்ட நினைப்பவர் இதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

இனி விலை. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளிலும் தனி விற்பனையாளர்களிடமும் பேச்சு எப்போதும் கேட்கும் விலையிலிருந்தே தொடங்குகிறது. அவர் 57,000 என்பார், நாம் 50,000 என்போம், இருவரும் 54,000 இல் வந்து நின்று, மூவாயிரம் குறைத்துவிட்ட நிறைவோடு வீட்டுக்கு வருவோம். அந்த 57,000 எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பக்கத்துக் கடையில் ஒருவர் கேட்ட விலைதான் அதற்கு அடிப்படை. அந்தக் கடைக்காரருக்கு அடிப்படை இவர் கேட்ட விலை. ஆகவே பேரத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அதே வண்டி இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதில் தொடங்கி, அங்கிருந்து கீழே இறங்கி வருவதே எனக்குத் தெரிந்த நேர்மையான வழி.

இன்று என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரி உட்பட ஷோரூமில் 80,000 ரூபாயாக இருந்த வண்டி, வரிக் குறைப்பால் மட்டுமே 73,750 ரூபாய்க்கு வந்துவிட்டது. புது வண்டி ஆறாயிரத்துக்கு மேல் இறங்கிவிட்ட நிலையில் பழைய வண்டியும் அந்த விகிதத்திலாவது இறங்கியாக வேண்டும். ஆனால் 2024 இல் வாங்கியவர், தான் கொடுத்த பழைய வரியையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டுதான் விலை சொல்கிறார். அவர் கட்டிய வரியை நாம் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆக, ஷோரூம் விலை சுமார் 74,000 என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வண்டிக்கு ஆயுள்கால வரி 10 விழுக்காடு, அது 7,400. பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட் போன்ற சில்லறைச் செலவுகளையும் சேர்த்தால் 83,000 வரும். காப்பீட்டையும் கூட்டினால் வண்டி சாலைக்கு வரும்போது 90,000 ஆகிவிடும், ஊருக்கு ஊர் ஆயிரம், இரண்டாயிரம் வேறுபடலாம். காப்பீடு ஆண்டுதோறும் கரைந்துபோகும் பணம் என்பதால் அதை நான் சேர்ப்பதில்லை. 83,000 ரூபாயையே தொடக்கமாகக் கொள்கிறேன்.

அடுத்து வயது. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 83,000 ரூபாயை 15 ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 5,500 ரூபாய். ஆறு ஆண்டு ஓடிய வண்டிக்கு 33,000 கழிந்து 50,000 மீதமாகிறது. இப்படி ஆண்டுக்கு ஒரே அளவாகக் கழிப்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணையின்படி ஓராண்டைத் தாண்டிய வண்டிக்கு 20 விழுக்காடும், நான்கைத் தாண்டி ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 50 விழுக்காடும் மதிப்புக் குறைகிறது. அந்தக் கணக்கைச் சொன்னால் ஸ்ப்ளெண்டர் விற்பவர் எழுந்து உள்ளே போய்விடுவார். உதிரிபாகம் மலிவு, இன்ஜின் நீண்ட நாள் தாங்கும், திரும்ப விற்றால் மறுநாளே போகும் என்ற மூன்றுக்காக இந்த வண்டி மெதுவாக விலை இறங்குவதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே இந்தக் கணக்கைப் போடுகிறேன். அதாவது 50,000 என்பதே விற்பவர் பக்கம் சாய்ந்த தொகை. அதுவும் உடனே ஓட்டும் நிலையில், எந்தச் செலவும் வைக்காத வண்டிக்கான தொகை. அப்படிப்பட்ட ஆறு வயது வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனவே வண்டியைப் பார்ப்பது என்பது, இந்த 50,000 ரூபாயிலிருந்து எதை எதைக் கழிக்க வேண்டும் என்று தேடுவதுதான். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, முன்கூட்டியே சொல்லாமல், காலையில் போவது நல்லது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்கு முன்பாக அதை யாரோ கிளப்பி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படி எழும்பும் என்பதை மறைக்கிறார்கள் என்று பொருள். கிளம்பியதும் சைலன்சரில் நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் இன்ஜினைப் பிரித்துச் செய்யும் ரிங், போர் வேலை காத்திருக்கிறது. ஆறாயிரம் ரூபாயாவது ஆகும் அந்த வேலையைக் கழித்துவிட்டு வாங்குவதைவிட வேறு வண்டி பார்ப்பது மேல். இன்ஜின் கை வைக்காதது என்று விற்பவர் எல்லோரும் சொல்வார்கள். இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள மேக்னட் கவரின் போல்ட் தலைகளைக் குனிந்து பார்த்தால் போதும்; முனைகள் மழுங்கி, ஒன்றிரண்டு மட்டும் புதிதாய்ப் பளபளத்து, கவர் இணையும் கோட்டில் பேஸ்ட் பிதுங்கி நின்றால் உள்ளே கை போயிருக்கிறது. கை போனது குற்றமில்லை. எதற்காகப் பிரித்தார்கள், யார் பிரித்தார்கள் என்பதைச் சொல்ல மறுப்பதுதான் சிக்கல்.

மீட்டரில் இருக்கும் எண்ணுக்கு நான் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. சாதாரண ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிளே மீட்டரை ஓட்டுகிறது. கேபிள் அறுந்த அன்றே எண் நின்றுவிடும், அதைச் சரிசெய்யாமல் ஓட்டியவர்கள் ஏராளம். அதைவிட கால் மிதியின் ரப்பரும், பிரேக் மிதியின் விளிம்பும், கியர் லீவரின் தேய்மானமும் உண்மை பேசும். 25,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் மிதியின் வரிகள் முழுவதும் அழிந்து வழுவழுப்பாக இருந்தால் யாரை நம்புவது என்று தெரிந்துவிடும். உணவு டெலிவரிக்கு ஓடிய வண்டியில் ஹேண்டில் கம்பியில் போன் மாட்டிய தடமும், பின் சீட்டின் ஓரங்களில் பெட்டி உரசிய வெளுப்பும் இருக்கும். பால் கேன் ஏற்றிய வண்டியில் கொக்கி பற்றவைத்த இடம், பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலும் விரலுக்குத் தட்டுப்படும். அத்தகைய வண்டியில் பின் ஷாக்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் போயிருக்கும். இந்த இரண்டு வகை வண்டிகளுக்கும் வயதைப் பார்க்காமல் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கழிப்பது என் வழக்கம்.

நாங்கள் வாங்கிய வண்டி திருச்சியில் ஒரு கன்சல்டிங் கடையில் நின்றது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர் ஒருவரே வைத்திருந்த சிங்கிள் ஓனர் வண்டி, மீட்டரில் 41,000 கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகத்தில் முதல் மூன்று ஆண்டுப் பதிவுகள் அந்த எண்ணோடு ஒத்துப்போயின. கேட்ட விலை 57,000. மெக்கானிக் செயின் கவரின் ரப்பர் மூடியைக் கழற்றி, துளை வழியாக விரலை விட்டுச் செயினை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். தொளதொளவென்று ஆடியது, பின்னால் இறுக்கும் போல்ட்டோ ஏற்கெனவே கடைசிக் கோட்டில் இருந்தது. செயின் ஸ்ப்ராக்கெட் மாற்ற 1,400. நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பியபோது நேர் நிலையில் சற்றே கடித்து நின்றது. ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட் கூலியோடு 700. பின் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண் 2319, அதாவது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர். சாலையைப் பிடிக்கும் பட்டன் வரிகள் இன்னும் இருந்தாலும் ரப்பர் கல்லாகி ஓரத்தில் வெடித்திருந்தது. அதற்கு 1,900. செல்ஃப் சுற்றவில்லை, கிக்கரில்தான் எழும்பியது, பேட்டரி 1,300. பிரேக் ஷூ 500, ஆயில் மாற்றிப் பொது சர்வீஸ் 700. ஆக மொத்தம் 6,500.

காப்பீடு வேறு தீர்ந்திருந்தது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று விதி வந்ததால், 2019 இல் வாங்கிய வண்டிகளுக்கு 2024 இல் அது முடிந்துபோனது. அதுவரை காப்பீடு என்ற நினைப்பே இல்லாமல் ஓட்டிய பலரும் அதைப் புதுப்பிக்கவே இல்லை. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான வண்டிக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீடு 714 ரூபாய், வரியோடு 850 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆர்.சி. பெயர் மாற்ற ஏஜெண்ட் கூலி உட்பட 2,500. இவற்றையும் கூட்டினால் கழிக்க வேண்டியது ஏறத்தாழ 10,000 ரூபாய், கொடுக்கக்கூடிய விலை 40,000 என்று முடிந்தது.

தாளில் எழுதிக் காட்டியதும் கடைக்காரர், “தம்பி, இப்படிக் கணக்குப் போட்டா ஸ்ப்ளெண்டர் வாங்க முடியாது, வேற வண்டிதான் பார்க்கணும்” என்றார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு 52,000 கொடுக்க அடுத்த ஆள் வரக்கூடும். ஆனால் அவர் தாளில் இருந்த எந்த ஒரு செலவையும் மறுக்கவில்லை, பேட்டரி விலையைத் தவிர. இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து 43,000 இல் முடித்தார். ஒரே உரிமையாளர், கடன் பதிவு இல்லாத ஆர்.சி., எண்ணோடு ஒத்துப்போன சர்வீஸ் புத்தகம் என்பதற்காகக் கணக்குக்கு மேல் மூவாயிரம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. இதே வண்டி மூன்று கை மாறியிருந்தால் 40,000 ரூபாயே அதிகம்.

2019 என்று ஆர்.சி.யில் எழுதியிருப்பதால் எல்லா 2019 வண்டியும் ஒன்றாகிவிடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 125 சிசி வரையிலான வண்டிகளுக்குக் கூட்டு பிரேக் அமைப்பு கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு புது வண்டிகள் வரத் தொடங்கியதும் அந்த ஏப்ரல் 1 முதல்தான். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிறதா என்று வண்டியை உருட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது இல்லாத, ஆண்டின் முதல் மூன்று மாதத்து வண்டிக்கு நான் இரண்டாயிரம் குறைத்துத்தான் கேட்பேன். ஏப்ரலுக்குப் பின் பதிவான வண்டியில் உயர் பாதுகாப்பு பிளேட் இல்லாமல் சாதாரண பிளேட் மாட்டியிருந்தால், விபத்தில் உடைந்ததா, வேறு காரணமா என்று கேட்டுத் தெளிவது நல்லது. அதுபோலவே 2020 மார்ச் மாதப் பதிவுகளையும் கவனிக்க வேண்டும். பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளைப் பதிவு செய்ய அந்த மாதத்தோடு காலம் முடிந்ததால், விற்காமல் தேங்கிய வண்டிகளை ஏதாவது ஒரு பெயரில் பதிவு செய்து பிறகு விற்றதும் நடந்தது. அப்படி வாங்கியவர் உண்மையில் முதலில் ஓட்டியவராக இருந்தும் ஆர்.சி.யில் இரண்டாம் உரிமையாளராகவே தெரிவார். அதை மட்டும் காரணம் காட்டி விலையை அடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பி.எஸ். 4 வண்டியில் கார்பரேட்டர், 2020 க்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டியில் பியூயல் இன்ஜெக்‌ஷன். இதற்காக விலையில் பெரிய வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. காலைக் குளிரில் இன்ஜெக்‌ஷன் வண்டி ஒரே தட்டில் எழும்பும். கார்பரேட்டர் வண்டியில் சோக்கை இழுக்க வேண்டும். ஆனால் சென்சார் ஏதாவது பழுதானால் ஊர் மெக்கானிக்கால் முடியாமல் போகலாம், கார்பரேட்டரையோ அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்.

மற்ற வயது வண்டிகளுக்கு இந்தக் கணக்கு எப்படி வரும் என்றால், இரண்டு ஆண்டு ஓடிய வண்டிக்கு 72,000 வரும். அதிலும் சந்தையில் கேட்பது 78,000, 80,000. பெயர் மாற்றம், காப்பீடு எல்லாம் சேர்த்தால் புது வண்டிக்கும் அதற்கும் ஏழெட்டாயிரமே வித்தியாசம்; அந்தப் பணத்துக்குப் புது வண்டியை எடுத்து, உத்தரவாதத்தோடு ஓட்டலாம். மறுமுனையில், டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று எழுதியிருக்கும் பழைய வண்டிகள். ஆர்.சி. முடிய ஓராண்டு, ஈராண்டு மட்டும் மிஞ்சியிருக்கும் வண்டிக்கு என் கணக்குப்படி பத்தாயிரம் தேறினால் அதிகம்; கேட்பது 30,000. பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து ஓட்டலாம் என்பதால் பத்தாயிரத்தோடு நிறுத்துவது கறார்தான். இருந்தாலும் புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய், பசுமை வரி, தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டும் நிலைக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றைப் பார்த்தால் 18,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அதற்கு மேல் கொடுப்பது அந்த எழுத்துக்குக் கொடுக்கும் விலை. அப்பா ஓட்டிய வண்டி என்பது போன்ற காரணம் இருந்தால் கொடுக்கட்டும். புதுச்சேரிப் பதிவு வண்டிகள் ஐந்தாறாயிரம் மலிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்து ஓட்டுவதானால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் மலிவை விழுங்கிவிடும்.

தாள்களில் குறை இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வண்டியின் குறைக்கு விலை போடலாம், தாளின் குறைக்குப் போட முடியாது. ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை அடித்துத் தரும்வரை முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது. ஹேண்டிலுக்குக் கீழே பதித்திருக்கும் சேசிஸ் எண்ணைத் துடைத்து, டார்ச் அடித்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு ஹெல்மெட் அபராதம் ஒன்று இருந்தது, அதைக் கடைக்காரரே கட்டிக் கொடுத்தார்.

பணம் கொடுக்கும் முறையிலும் ஒரு நிபந்தனை வைத்தோம். விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டிகள் கடை கடையாக மாறுவதே நடைமுறை. ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தெளிவாகச் சொன்ன பிறகும் விற்பவர்கள் இதில் அசட்டையாக இருப்பது வியப்புத்தான். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் வண்டியைத் தன் பொறுப்பில் எடுத்ததை 29சி படிவம் மூலம் தெரிவிக்க விதி இருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை, நாங்கள் கேட்டபோது பல கடைகளில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எனவே 40,000 ரூபாயை வங்கி வழியாகக் கொடுத்து, உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் முதல் உரிமையாளரின் கையெழுத்தை எங்கள் முன்னிலையிலேயே வாங்கி, மீதி 3,000 ரூபாயைப் பெயர் மாற்ற விண்ணப்பத்தின் ரசீது கைக்கு வந்த அன்றுதான் கொடுத்தோம். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார்; ரசீதை அடுத்த வாரமே அனுப்பிவிட்டார்.